ஊம் கொட்ட ஒருவர்

கரிய திரையில் மூன்று வரிகள். முதல் வரியில் ஓர் ஒலிக்கோப்பின் பெயர். இரண்டாம் வரியில் ‘பாஸ்டு’ என்ற சொல்லும், அதையடுத்து #3/17, 38:12/52:40, 72% என்ற எண்களும். மூன்றாம் வரியில் ஒலியளவு முதலான அமைப்புகள். எம்.பி.சி. என்னும் மூன்றெழுத்தைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் அந்தச் சிறிய நிரல் தரும் விடை இவ்வளவுதான். பட அட்டை இல்லை, பொத்தான்கள் இல்லை, அடுத்து எதைக் கேட்கலாம் என்ற பரிந்துரையும் இல்லை. ஐதராபாத்தில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் ஒருத்தி கடந்த ஓராண்டில் வேறெந்த வரிகளையும் விட அதிகமாகப் பார்த்தவை இந்த மூன்று வரிகள்.

எம்.பி.சி. தானாக எதையும் இசைப்பதில்லை. இசைக்கும் வேலை எம்.பி.டி. எனப்படும் மியூசிக் பிளேயர் டீமனுடையது. 2003இல் வாரன் டியூக்ஸ் தொடங்கி, பின்னாளில் மேக்ஸ் கெல்லர்மன் பொறுப்பேற்று வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. திரையில் முகம் காட்டாமல் பின்னணியில் அமர்ந்திருக்கும். ஒலிக்கோப்புகளின் பட்டியல், இசைக்க வேண்டியவற்றின் வரிசை, இப்போது எந்தக் கோப்பில் எந்த நொடியில் நிற்கிறோம் என்ற கணக்கு ஆகியவை எல்லாம் அதனிடமே இருக்கும். எம்.பி.சி. அதற்குச் செய்தி கொண்டுபோகும் தூதுவன் மட்டுமே. கட்டளையை ஒப்படைக்கும், விடையை வாங்கித் திரையில் வைக்கும், உடனே மறைந்துவிடும். தூதுவன் போன பின்னும் பாட்டு நிற்பதில்லை.

டீமன் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1960களில் எம்.ஐ.டி.யில் இயங்கிய பிராஜெக்ட் மேக் குழுவினர், ஓயாமல் பின்னணியில் வேலை செய்யும் நிரல்களுக்கு அப்பெயரை இட்டனர். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தம் சிந்தனைச் சோதனையில் கற்பித்த, மூலக்கூறுகளை ஓயாது பிரித்துக்கொண்டே இருக்கும் பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது. தமிழில் பூதம் என்றே சொல்லலாம். ஏவினால் செய்யும், ஏவாதபோது காத்திருக்கும்.

ஏவல் என்ற சொல்தான் அந்த ஆய்வாளரை முதலில் ஈர்த்தது. ப்ளே, பாஸ், ஸ்டாப், கிளியர், ஆட் என எம்.பி.சி.க்கு இடும் கட்டளைகளில் பெரும்பாலானவை ஒட்டு எதுவும் இல்லாத வினைப்பகுதிகள். ஆங்கிலத்தில் ஏவல் அப்படித்தான் அமையும். தமிழிலும் ஒருமை ஏவல் வெறும் பகுதியே. நன்னூலார் வினைப்பகுதிகளை 23 வாய்பாடுகளாக வகுத்தபோது அவற்றை ஏவல் வடிவிலேயே காட்டினார். ஆனால் தமிழர் எவரும் பெரியவர் ஒருவரிடம் வெறும் பகுதியை மட்டும் நீட்டுவதில்லை. ‘சொல்’ என்பது ‘சொல்லுங்கள்’ ஆகும், ‘சொல்வீர்களா’ ஆகும், ‘சொன்னால் நன்றாயிருக்கும்’ என்று இன்னும் தணியும். பூதத்திடம் இந்தப் பணிவுகள் தேவையில்லை. ‘ப்ளே’ என்றால் போதும்.

அந்தப் பணிவின்மை அவளுக்குப் பிடித்திருந்தது. களப்பணியில் ஒரு கதையைக் கேட்டு வாங்க அவள் பட்ட பாடு அப்படி.

*

அவளுடைய ஆய்வு கொலாமி மொழியில் கதைகூறல் பற்றியது. தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியிலும் வாழும் கொலாம் மக்களின் மொழி அது. நடுத்திராவிடக் கிளையைச் சேர்ந்தது. எமனோ 1955இல் அதற்கு ஓர் இலக்கண நூல் எழுதினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்கு அதைக் கேட்பது, தூரத்து உறவினர் வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது. முகச்சாடை தெரியும், பேச்சு புரியாது.

ஆதிலாபாத் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு முதியவர் அவளுக்குக் கதை சொல்ல இசைந்தார். தெலுங்கு வழக்கில் எல்லோரும் அவரை அவ்வா என்று அழைத்தனர், அவளும் அப்படியே அழைத்தாள். முதல் மூன்று நாள் அவ்வா எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். நான்காம் நாள் பருத்திக் காட்டிலிருந்து திரும்பியபின் திண்ணையில் உட்கார்ந்து தொடங்கினார். பேரப்பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் சுற்றி அமர்ந்தார்கள். ஒலிப்பதிவு தெளிவாக வேண்டும் என்பதற்காக, தயவுசெய்து யாரும் பேச வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். களப்பணி வகுப்பில் சொல்லித்தரும் முதல் பாடங்களுள் ஒன்று அது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டனர். ஆறு மாலைகளில் பதினேழு பதிவுகள் ஆயின. இவற்றின் நகலைக் கொண்டுவந்து தருவேன் என்று அவ்வாவிடமும் பேரனிடமும் சொல்லிவிட்டு அவள் பேருந்து ஏறினாள்.

ஆய்வகத்தில் பழைய சிறு கணினி ஒன்று அலமாரித் தட்டில் கிடந்தது. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. ஒரு ஜோடி ஒலிபெருக்கிகள் மட்டும் இணைக்கப்பட்டிருந்தன. அதில் எம்.பி.டி.யை நிறுவிப் பதினேழு பதிவுகளையும் ஏற்றினாள். தன் மடிக்கணினியிலும் அதேபோல் இன்னொரு பூதத்தை அமர்த்தினாள். இசைப் பிரியர்களுக்காக எழுதப்பட்ட நிரலை எழுத்துப்பெயர்ப்புக்குப் பயன்படுத்துவது விந்தைதான். ஆனாலும் அது பொருந்தியது. ஐந்து நொடி பின்னே செல்ல ஒரு விசை, இடைநிறுத்தவும் தொடரவும் ஒரு விசை என எம்.பி.சி. கட்டளைகளை விசைகளோடு பிணைத்துக்கொண்டால், எழுதும் சாளரத்தை விட்டு வெளியே வராமலே கேட்கலாம்.

இடையில் அவள் கற்ற பாடங்கள் சில. ‘பாஸ்’ வேறு, ‘ஸ்டாப்’ வேறு. முன்னது நின்ற நொடியை நினைவில் வைத்திருக்கும். பின்னதற்குப் பிறகு ‘ப்ளே’ என்றால் கோப்பு தொடக்கத்திலிருந்தே வரும். ஒருநாள் ‘டெல்’ என்று தட்டியதும் பட்டியலிலிருந்து ஒரு பதிவு மறைந்துபோக, அவளுக்குக் கை நடுங்கியது. ஆனால் அழிந்தது வரிசையில் இருந்த இடம் மட்டுமே, கோப்பு தன் கோப்புறையில் பத்திரமாக இருந்தது. இசைப்பதே எம்.பி.டி.யின் வேலை. ஒலிக்கோப்பை அழிக்க அதன் நெறிமுறையில் கட்டளையே கிடையாது. ஏவலுக்குக் கட்டுப்பட்ட பூதத்துக்கும் சில ஏவல்கள் கேட்காது என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

விடை தரும் முறையிலும் ஒரு வேடிக்கை உண்டு. எம்.பி.டி.யோடு பேசுவது 6600 என்ற துறை எண் வழியே, வெறும் எழுத்துகளால். கட்டளை நிறைவேறினால் ‘ஓகே’ என்ற விடை வரும். தவறினால் ‘ஏ.சி.கே.’ என்று தொடங்கும் வரி வரும். தகவல் தொடர்பில் மற்ற இடங்களில் எல்லாம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பொருள்படும் குறி அது. இங்கே ‘முடியவில்லை’ என்று பொருள். கேட்டேன் என்பதும் செய்தேன் என்பதும் ஒன்றல்ல என்று சொல்லும் நிரல்.

*

ஓர் இரவு விடுதி அறையில் செவிபேசியை மாட்டிக்கொண்டு மூன்றாம் பதிவைத் தொடரலாம் என்று ‘ப்ளே’ கொடுத்தாள். ஒலி இல்லை. திரையோ ‘பிளேயிங்’ என்றது, நொடிகள் நகர்ந்தன. ஒலியளவை 60 ஆக்கினாள். பிறகு 80, பிறகு 100. ஒவ்வொரு முறையும் எம்.பி.சி. புதிய அளவை அடக்கத்தோடு அறிவித்தது. செவிபேசிதான் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து, விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை துறை வாயிலில் இரவுக் காவலர் அவளை நிறுத்தினார். ‘மேடம், ராத்திரி உங்கள் அறையில் ஓர் அவ்வா கதை சொல்லிக்கொண்டிருந்தார்’ என்றார்.

அவளுக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. எம்.பி.சி. எந்தக் கணினியில் உள்ள பூதத்தைத் தேட வேண்டும் என்பதை ‘எம்.பி.டி. ஹோஸ்ட்’ என்ற சூழல் மாறி தீர்மானிக்கும். முந்தின பிற்பகல் ஆய்வகக் கணினியின் முகவரியை அதில் எழுதியவள் மாற்ற மறந்துவிட்டாள். விடுதியில் அவள் தட்டிய ஒவ்வொரு கட்டளையும் வளாக வலையமைப்பைக் கடந்து, பூட்டிய ஆய்வகத்துக்குள் நிறைவேறியிருக்கிறது. நிரல் பொய் சொல்லவில்லை. ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. எங்கே என்று அவள் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

‘பயந்துவிட்டீர்களா?’ என்று அவள் மன்னிப்புக் கேட்கும் குரலில் வினவினாள்.

‘முதலில் கொஞ்சம். அப்புறம் கதை என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. மொழி புரியவில்லை. ஆனால் பாவம், சொல்லிச் சொல்லி நிறுத்துகிறார், யாரும் ஊ கொட்டவில்லை. அதனால் கதவுக்கு வெளியே நின்று நானே இரண்டு மூன்று முறை ஊ என்றேன்.’

தெலுங்கில் ஊ கொட்டுவது என்பார்கள், தமிழில் ஊம் கொட்டுவது. கதை கேட்பவர் ஒவ்வொரு பேச்சுக்கூறின் முடிவிலும் எழுப்பும் அந்த ஒற்றை ஒலி, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று பொருள்படும். காவலர் சிரித்துக்கொண்டே தம் நாற்காலிக்குப் போய்விட்டார். அவள் ஆய்வகத்துக்குள் சென்று நெடுநேரம் எதையும் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய எழுத்துப்பெயர்ப்பில் அவ்வாவின் ஒன்றிரண்டு நொடி மௌனங்கள் எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. ‘தயக்கம்’ என்ற தலைப்பின் கீழ், நொடிக் கணக்கோடு. முதுமையில் நினைவு தடுமாறுவதன் அடையாளமாக இருக்கலாம் என்றுகூட ஓர் இயலில் எழுதியிருந்தாள். கொலாமி தெரியாத, மொழியியல் படிக்காத ஒருவர், பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, அவை தயக்கங்கள் அல்ல, இன்னொருவருக்காக விடப்பட்ட இடங்கள் என்று ஒரே இரவில் கண்டுகொண்டார். அந்த இடங்களை நிரப்ப வேண்டியவர்களை அமைதியாக இருக்கச் சொன்னவள் அவளே. அப்படியும் அவ்வா ஒவ்வொரு முறையும் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கிறார்.

எம்.பி.சி.யில் ‘ஐடில்’ என்றொரு கட்டளை உண்டு. எதையும் செய்யாமல் காத்திருந்து, பூதத்தின் நிலை மாறும்போது மட்டும் என்ன மாறியது என்று சொல்லும். அதைக் கொண்டு, தான் எந்தெந்த நொடியில் இடைநிறுத்தினோம் என்ற பதிவேடு ஒன்றை அவள் முன்பே உருவாக்கியிருந்தாள், வேலை எவ்வளவு நடந்தது என்று அறிய. இப்போது அதை அவ்வாவின் மௌனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அவள் விசையை அழுத்திய நொடிகளில் பெரும்பாலானவை அம்மௌனங்களின் மேலேயே விழுந்திருந்தன. எழுதுபவர் எவரும் பேச்சின் இடைவெளியில்தான் நிறுத்துவார், அதில் வியப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும், ஒரு குரல் விடைக்காகக் காத்த இடத்தில் எல்லாம் தன் கை அதற்கு ‘நில்’ என்று சொல்லி வந்திருப்பதைக் கண்டபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எதிரே அமர்ந்திருந்தபோது ‘சொல்வீர்களா அவ்வா’ என்று கெஞ்சியவள், கோப்பான பிறகு அதே அவ்வாவை வெறும் வினைப்பகுதிகளால் ஏவிக்கொண்டிருந்தாள்.

*

அந்த மழைக்காலத்தில் பேரன் தொலைபேசியில் அழைத்தான். அவ்வா போய்விட்டார், பத்து நாளாகிறது என்றான். பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டான்: ‘அக்கா, அவ்வாவின் குரல் உங்களிடம் இருக்கிறதல்லவா? எங்களிடம் ஒன்றும் இல்லை.’

நகல் தருவதாகச் சொல்லிவிட்டு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் அப்பதிவுகளிலிருந்து ஒரு கருத்தரங்கக் கட்டுரையும் இரண்டு இயல்களும் எழுதப்பட்டிருந்தன. அவ்வாவின் வீட்டுக்கு ஒரு நிமிட ஒலிகூடப் போய்ச் சேரவில்லை. தாமதத்துக்குக் காரணம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். பேரன் கேட்கவில்லை.

அன்று இரவு அவள் மடிக்கணினியைத் திறந்து எம்.பி.சி. என்று தட்டினாள். பாஸ்டு, #3/17, 38:12/52:40. கணினி பலமுறை அணைந்து எழுந்திருந்தும் அந்த எண் மாறவில்லை. வரிசையையும் நின்ற நொடியையும் எம்.பி.டி. ஒரு நிலைக்கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. மறுபடி எழும்போது விட்ட இடத்திலேயே வந்து நிற்கும். ஒரு கதையின் நடுவில், ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்காத இடத்தில், அவ்வா நின்றுகொண்டிருந்தார். ‘ப்ளே’ என்ற நான்கெழுத்துச் சொல்லை அவளால் தட்ட முடியவில்லை. மூன்று வரிகளையும் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினாள். மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் பதினேழு கோப்புகளையும் ஒரு நினைவட்டையில் நகலெடுத்து, பாதுகாப்புக்காக இன்னொரு நினைவட்டையிலும் எடுத்து, சுமார் 300 கிலோமீட்டர் பயணத்துக்குப் பேருந்து ஏறினாள்.

திண்ணை அப்படியே இருந்தது. பேரன் நினைவட்டையைத் தன் கைபேசியில் செருகி, ஒலியைக் கூட்ட அதை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்தினான். கைபேசிக்கு 38:12 தெரியாது. அவ்வா முதல் கதையின் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கினார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாக்கியம் முடிந்தது. மௌனம். எவரும் அசையவில்லை. இரண்டாம் வாக்கியம், மீண்டும் மௌனம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் ஊம் என்றார். மூன்றாம் மௌனத்தில் இரண்டு குரல்கள். பிறகு சிறுவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவ்வா விட்டிருந்த இடங்களின் நீளம் அவர்களுடைய குரலுக்குச் சரியாக இருந்தது. ஒருவர் ஊம் கொட்டி முடிக்கவும் அடுத்த வாக்கியம் தொடங்கவும் ஒன்றாக இருந்தது. ஓரிடத்தில் யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் மட்டும் அவ்வாவின் ஒரு வாக்கியம் மூழ்கிப்போயிற்று. யாரும் கைபேசியை எடுத்துப் பின்னே நகர்த்தவில்லை.

அவள் தன் ஒலிப்பதிவுக் கருவியைப் பையிலிருந்து எடுத்துப் பேரனிடம் காட்டி, வைக்கலாமா என்று கேட்டாள். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். இந்த முறை யாரையும் பேச வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கோழி கூவியது, ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போனது, குழந்தை ஒன்று அழுதது, எல்லாமே பதிவாயின. முன்பாக இருந்தால் பயனற்றது என்று அவள் ஒதுக்கியிருக்கக்கூடிய பதிவு அது.

திரும்பி வந்தபின், ஆய்வேட்டின் அந்த இயலில் ‘தயக்கம்’ என்ற தலைப்பை நீக்கினாள். எழுத்துப்பெயர்ப்பில் ‘கேட்போர்’ என்று புதிதாக ஒரு வரிசையைச் சேர்த்தாள். பழைய பதினேழு பதிவுகளுக்கும் அது வெறுமையாகவே இருக்கிறது. யாருடைய குரல் ஏன் அங்கே இல்லை என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும் எழுதினாள், பொறுப்பைத் தன்மேல் ஏற்று.

புதிய கோப்பைக் கோப்புறையில் போட்ட உடனே எம்.பி.டி.க்கு அது தெரிந்துவிடுவதில்லை. ‘அப்டேட்’ என்று சொல்ல வேண்டும். சொன்னாள். ‘ஆட்’ என்று வரிசையில் சேர்த்தாள். பிறகு எம்.பி.சி. என்று தட்டி மூன்று வரிகளையும் ஒருமுறை பார்த்தாள். #3/18 என்று மாறியிருந்தது. 38:12 மாறவில்லை.

முதலில் அதைக் கேட்டு முடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ‘ப்ளே’ என்று தட்டினாள். அவ்வா அடுத்த வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினார். அறையில் வேறு யாரும் இல்லை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் மெல்ல ஊம் என்றாள்.